‘மக்கள்’னா யாரு சார்?

எங்கள் துறையில் மாணவர்கள் அதிகம் படிக்கிற வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியோ கே.கே. பிள்ளையோ இல்லை. அவர் பெயர் ‘நோட்ஸ்’. கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் யூனிட் யூனிட்டாகப் பிரித்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு அடுக்கி வைத்திருப்பார்கள். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. எழுத்துப் பிழைகள்கூட மாறாமல் வருஷத்துக்கு வருஷம் கைமாறி வரும். ஓலைச்சுவடிகளைப் பெயர்த்து எழுதியவர்களாவது அங்கங்கே ஒரு பாடபேதத்தை விட்டுச் சென்றார்கள். நோட்ஸில் அதுவும் கிடையாது.

நான் சிவகங்கைப் பக்கம் ஓர் அரசு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பி.ஏ. வரலாறு, தமிழ் வழி. வேலை நிரந்தரமில்லை. ஒவ்வொரு ஜூனிலும் அடிவயிற்றில் ஒரு கலக்கம் வரும், அது தீர ஆகஸ்டு ஆகிவிடும். என் வகுப்பில் 60 பேர். பெரும்பாலானவர்கள் அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். காலையில் வந்து மதியம் பஸ் பிடித்துப் போய், சாயந்திரம் ஜவுளிக்கடையிலோ பெட்ரோல் பங்கிலோ நிற்கிற பிள்ளைகள். அவர்களிடம் போய் ‘நோட்ஸ் படிக்காதீர்கள், சிந்தியுங்கள்’ என்று சொல்வதற்குத் தனி அசட்டுத் துணிச்சல் வேண்டும்.

கல்வியைப் பற்றிக் கொஞ்சமாவது வாசித்தவர்களுக்குப் பாவ்லோ ஃப்ரேய்ரேயைத் தெரிந்திருக்கும். ஆசிரியர் பணம் போடுகிறவர், மாணவர் வெறும் கணக்கு என்ற பொருளில் ‘வங்கிமுறைக் கல்வி’ என்று திட்டியவர். 1963இல் பிரேசிலின் வடகிழக்கில் அஞ்சிகோஸ் என்ற சிற்றூரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு கொடுக்க முயன்றார். அகரவரிசையில் அவர் தொடங்கவில்லை. செங்கல் மாதிரி அந்த மனிதர்கள் தினமும் தொட்டுப் புழங்கிய சொற்களில் தொடங்கினார். அந்தச் செங்கல்லை யார் சுடுகிறார்கள், அதில் எழும்பும் வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று பேச்சு தானாகவே நகரும். அப்போது பிரேசிலில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. அதனால் 40 மணி நேரத்தில் ஒருவன் எழுத்தறிவது சின்ன விஷயமில்லை. 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஃப்ரேய்ரேயைத் தூக்கிச் சிறையில் போட்டது. பிறகு பல வருஷம் நாடு கடந்து வாழ்ந்தார்.

இந்தக் கதையை நான் முதலில் கேட்டது ஒரு புத்தாக்கப் பயிற்சி வகுப்பில். உரையாடல் வழிக் கல்வியைப் பற்றி ஒருவரே இரண்டரை மணி நேரம் பேசினார். கேள்விக்கு நேரமில்லை, டீ வந்துவிட்டது.

ஃப்ரேய்ரே சொன்னது சரி. ஆனால் ஒன்றை நாம் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் சேமிப்பே இல்லாதவனுக்கு வங்கி அவ்வளவு மோசமான இடமில்லை. எக்ஸ்டர்னலுக்கு 75 மார்க். வினாத்தாள் எடுப்பவரும் திருத்துபவரும் எங்கோ இருக்கிறார்கள். அந்த முகம் தெரியாதவர்களோடு இவர்கள் போட்டுக்கொள்கிற ஒரே ஒப்பந்தம் நோட்ஸ்தான். இதை எழுதினால் இத்தனை மார்க் என்று அது உறுதி சொல்கிறது. ஆங்கில வழியில் தனியார் பள்ளியில் படித்து வந்த பிள்ளைக்கு ‘சொந்தமாக எழுது’ என்பது சுதந்திரம். இவர்களுக்கு அது பிடிமானமில்லாத கிணறு. ஆகவே நான் நோட்ஸைப் பிடுங்கவில்லை. அதையே பாடப் புத்தகமாக வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிப்போம் என்றேன். ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு கேள்வி: இது யாருக்கு எப்படித் தெரியும்?

*

குடிமராமத்து அஞ்சு மார்க் கேள்வி. அடிக்கடி வரும். நோட்ஸில் இருந்த பதிலின் சாரம் இதுதான்: பண்டைத் தமிழகத்தில் மக்கள் தாமாகவே முன்வந்து ஒற்றுமையாக நீர்நிலைகளைப் பராமரித்தனர், ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த நல்ல வழக்கம் அழிந்தது.

ஒருத்தி எழுந்து வாசித்தாள். அந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். வழக்கமான மௌனம். பிறகு கடைசிப் பெஞ்சில் இருந்து ஒரு குரல்:

“சார், இதுல ‘மக்கள்’னா யாரு சார்?”

அதிகம் பேசாத பையன் அவன். அட்டெண்டன்ஸுக்குக்கூடக் கையை மட்டும்தான் தூக்குவான். “ஏன்ப்பா கேக்குற?” என்றேன்.

“இல்ல சார், எங்க ஊர்லயும் கம்மாய் இருக்கு. மடையத் திறக்குறது எங்க தாத்தாதான். அவருக்கு முன்னாடி அவங்க அப்பா. தாமா முன்வந்தாங்களான்னு தெரியல. வேற யாரும் வர மாட்டாங்க, அது எங்க தெரு வேலை. அதான் கேட்டேன்.”

எங்கள் பக்கம் அந்த வேலை செய்பவரை நீர்ப்பாய்ச்சி என்பார்கள், வேறு மாவட்டங்களில் நீர்க்கட்டி. மடையைத் திறப்பது, யார் வயலுக்கு எப்போது எவ்வளவு என்று பாய்ச்சுவது, மழைக்காலத்து ராத்திரியில் கரையில் காவல் கிடப்பது, கலுங்கில் தண்ணீர் போகிறதா என்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அறுவடையில் நெல்லாகப் பங்கு வரும். பல ஊர்களில் இது வழிவழியாகத் தலித் குடும்பங்களின் வேலை. கண்மாய்த் தண்ணீரை ஊருக்கே அளந்து விடுகிறவருக்கு ஆயக்கட்டில் சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாமல் போகலாம். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அத்தனை கரைகளையும் ராத்திரியில் யாரோ காத்திருக்கிறார்கள். அந்த யாரோவுக்கு நோட்ஸில் ‘மக்கள்’ என்று பெயர்.

அடுத்த வகுப்புக்கு 1858ஆம் வருஷத்துச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தை எடுத்துப்போனேன். கரை உடைகிற ஆபத்து வந்தால் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்கலாம் என்கிறது. வழக்கப்படி செய்யவேண்டிய மராமத்து உழைப்புக்கு ஒருவர் தக்க காரணமில்லாமல் வர மறுத்தால், அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. மொழிபெயர்த்துக் கரும்பலகையில் எழுதினேன்.

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. “வெள்ளக்காரன் சட்டம் போட்டுத்தான் வேல வாங்கியிருக்கான். அப்ப தாமா முன்வந்தாங்கங்கறது பொய்தான சார்?” என்று ஒரு பக்கம். “சட்டம் வந்ததாலயே அதுக்கு முன்னாடி வழக்கமில்லன்னு ஆயிருமா? வழக்கம் நொடிச்சுப் போனதாலதான சட்டமே வந்துச்சு?” என்று இன்னொரு பக்கம். இரண்டாவதாகக் கேட்டவள்தான் முதலில் நோட்ஸை வாசித்த பெண். இரண்டுமே நல்ல வாதம். வரலாற்று ஆய்வாளர்கள் மோதிக்கொள்கிற இடமும் ஏறக்குறைய இதுதான். 2017இல் தமிழக அரசு அதே ‘குடிமராமத்து’ என்ற பெயரில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்ததை ஒருவன் நினைவுபடுத்தினான். “அதுல எங்க ஊர்ல காண்ட்ராக்ட் எடுத்தவரும் ‘மக்கள்’தான் சார்” என்றான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

*

வாதம் செய்தாயிற்று, இனி படிக்க வேண்டும். எங்கே படிப்பது?

திறந்த கல்வி என்று உலகம் பேசத் தொடங்கிக் கால் நூற்றாண்டு ஆகப்போகிறது. 2001இல் எம்.ஐ.டி. தன் பாடங்களை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப் போவதாக அறிவித்தது. அடுத்த வருஷமே யுனெஸ்கோ கூட்டமொன்றில் ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற பெயர் பிறந்தது. நம் ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து என்பிடெல் பாடங்களைக் கொடுத்தன. 2024 நவம்பரில் மத்திய அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்கள் படிக்கலாம்.

டெல்லி ஜெராக்ஸ் வழக்கையும் வகுப்பில் சொன்னேன். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருந்த ராமேஷ்வரி ஜெராக்ஸ் கடை, பாடத்திட்டத்தில் உள்ள நூல்களின் பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பாக விற்றது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி கடைக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தார். பதிப்புரிமை என்பது தெய்வம் தந்ததோ இயற்கையாக அமைந்ததோ இல்லை என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் உண்டு. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2017இல் பதிப்பகங்கள் வழக்கையே கைவிட்டன. மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து நின்று போராடியதன் பலன் அது. இதைக் கேட்டபோது எங்கள் பிள்ளைகள் முகத்தில் ஒரு மலர்ச்சி. நம்ம ஜெராக்ஸ் கடை அண்ணன் மாதிரி ஒருத்தர் ஆக்ஸ்ஃபோர்டோடு மோதி நின்றிருக்கிறாரே!

ஆனால் எங்கள் கடையில் நகலெடுப்பது நோட்ஸை. நகலெடுக்கப் புத்தகம் வேண்டுமே. எங்கள் கண்மாய்களைப் பற்றி மிக விரிவாக எழுதப்பட்ட நூல்களில் ஒன்று டேவிட் மோஸ் என்ற மானுடவியலாளருடையது. 2003இல் வந்தது. பழைய ராமநாதபுரம் சீமையின் கண்மாய்கள், ஜமீன், கோவில் மரியாதை, சாதி, நீர்ப்பங்கீடு எல்லாம் அதில் உண்டு. அது ஆங்கிலத்தில் இருக்கிறது. அந்தப் பையனுடைய தாத்தா செய்த வேலையைப் பற்றி லண்டனில் இருக்கும் ஒரு முதுகலை மாணவர் படித்துத் தெரிந்துகொள்ளலாம். பேரன் படிக்க முடியாது. காசு இருந்தாலும் முடியாது, மொழி விடாது. திறந்த கல்வி கதவைத்தான் திறந்து வைத்தது. வாசற்படி அதே உயரத்தில்தான் இருக்கிறது.

தமிழில் படிகளைத் தணித்துக் கட்டியவர்களும் உண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 2003 முதல் வளர்ந்துவரும் தமிழ் விக்கிப்பீடியா, இலங்கையின் நூலகம் திட்டம் என்று சொல்லலாம். இவற்றில் பலவற்றில் பெரும்பகுதி உழைப்பு, சம்பளம் வாங்காத கைகள் கொடுத்தது. இலக்கியம் படிக்கிற பிள்ளைக்கு அங்கே விருந்து. ஒரு கண்மாயின் மடைகளைப் பற்றித் தேடினால்தான் இலை காலி.

*

அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் வைலி 2013இல் ஒன்று சொன்னார். மாணவர் மணிக்கணக்காக எழுதி, ஆசிரியர் திருத்தி, கடைசியில் குப்பைக்குப் போகிற பயிற்சிகள் வேண்டாம். பிறருக்கும் பயன்பட்டு உலகில் தங்குகிற எதையாவது மாணவர்கள் செய்யட்டும் என்றார். திறந்த கற்பித்தல் என்று அதற்குப் பெயர். எங்களிடம் இன்டர்னல் அசைன்மெண்டுக்கு ஒரு சில மார்க் என் கையில் இருந்தது. அவரவர் ஊர்க் கண்மாயைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது, தேறியவற்றைத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றுவது என்று முடிவாயிற்று.

விக்கியின் விதிகளைப் படித்ததும் முதல் சண்டை. சொந்த ஆய்வு கூடாது, ஏற்கெனவே வெளியான நம்பத்தகுந்த ஆதாரம் வேண்டும். “அப்ப எங்க தாத்தா ஆதாரம் இல்லையா சார்? அவரப் பாத்துட்டு வந்து ஒரு வெள்ளக்காரர் எழுதினா மட்டும் ஆதாரமா?” என்று ஒருத்தி கேட்டாள். ஏறக்குறைய அறிவுத் துறைகளின் வரலாறு முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பதிலை நான் சொல்லவில்லை. இன்னொருவன் சொன்னான்: “இந்த விதி மட்டும் இல்லன்னா, எங்க ஊர்ல ஒவ்வொரு சாதிச் சங்கமும் நாங்கதான் ராஜ பரம்பரைன்னு ஏத்திருவாங்க. அவங்களுக்கும் தாத்தா இருக்காருல்ல?”

வகுப்பு கொஞ்ச நேரம் யோசித்தது. ஒரு தாத்தாவின் அனுபவத்தை வெளியே நிறுத்துகிற அதே வேலிதான் நூறு புளுகுகளையும் வெளியே நிறுத்துகிறது. வேலியை எடுத்துவிடுவது தீர்வில்லை, ஆதாரம் என்று எதை ஒப்புக்கொள்கிறோம் என்பதை அகலப்படுத்த வேண்டும். பொதுப்பணித் துறைக் கணக்கு, ஊர்க் கல்வெட்டு, பழைய வரைபடம் என்று அலைந்தார்கள். விஏஓ அலுவலகத்துக்கு முதன்முறையாக, சாதிச் சான்றிதழ் வாங்குவதற்கு அல்லாமல் வேறொரு காரணத்துக்காகப் போனார்கள்.

பிறகு ஒரு நாள் கடைசிப் பெஞ்சுப் பையன் தன் பக்கத்தைக் கொண்டுவந்தான். மூன்று மடை, இரண்டு கலுங்கு, வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று சுத்தமாக எழுதியிருந்தான். கீழே ஆறு வரிகள் தனியாக. தாத்தா எந்தத் தெருவிலிருந்து கூப்பிடப்படுவார், எந்த வாசலில் எங்கே நின்று நெல் வாங்குவார், தண்ணீர் பங்கு பிசகியதாகச் சொல்லி ஒரு வருஷம் அவருக்கு என்ன நடந்தது என்று. அந்த ஆறு வரிகளை இங்கே நான் எழுதப்போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

“சார், இத விக்கியில போட வேணாம்.”

“ஆதாரம் கேப்பாங்கன்னா?”

“அதில்ல சார். எங்க ஊர்ல படிப்பாங்க.”

புனைபெயரில் போடலாமே, விக்கியில் யாரும் சொந்தப் பெயரில் எழுத வேண்டிய கட்டாயமில்லை என்றான் பக்கத்தில் இருந்தவன். பையன் சிரித்தான். “எங்க தெருவுல காலேஜ் போறதே மூணு பேரு. ஊர் பேரு இருந்தா போதும்டா, என் பேரு எதுக்கு?”

திறந்த கல்வியைப் பற்றி நான் படித்தவற்றில் பெரும்பாலானவை, பெயர் வெளியே தெரிவதால் லாபமடைகிறவர்கள் எழுதியவை. பேராசிரியருக்குப் பெயர் ஒரு மூலதனம். எவ்வளவு பரவுகிறதோ அவ்வளவு நல்லது. எங்கள் வகுப்பில் பெயர் என்பது விலாசம். பெயரிலிருந்து ஊர், ஊரிலிருந்து தெரு, தெருவிலிருந்து மிச்சமெல்லாம் தெரிந்துவிடும். எழுதியவன் அன்று சாயந்திரம் அதே பஸ்ஸில் அதே ஊருக்குப் போய் இறங்க வேண்டும். திறந்துவிடு என்று சொல்கிறவருக்கு அந்த பஸ்ஸில் சீட் கிடையாது.

அந்த வாரம் பாடம் நடக்கவில்லை. எதை எவ்வளவு திறப்பது என்று வகுப்பு பேசியது. மூன்று வகையாகப் பிரித்தார்கள். அளவுகள், மடைகள், ஆயக்கட்டு, அச்சு ஆதாரம் உள்ள செய்திகள் விக்கிக்குப் போகும். அனுபவங்கள் பெயரும் ஊரும் இல்லாமல் கையெழுத்தில் தொகுக்கப்பட்டுத் துறை அலமாரியில் இருக்கும். அடுத்த செட் படிக்கலாம், போட்டோ எடுக்கக் கூடாது. மூன்றாவது வகை வகுப்பில் வாயால் சொல்லப்பட்டு அங்கேயே முடிந்துபோகும். எது எந்த வகை என்று முடிவுசெய்வது எழுதியவர் மட்டுமே, வாத்தியார் இல்லை. எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

*

அப்போதுதான் முன்வரிசையில் இருந்து அந்தக் கேள்வி வந்தது. “சார், நீங்க எழுதலையே?”

பெல் ஹூக்ஸ் 1994இல் வந்த தன் புத்தகத்தில் இதைக் குறித்திருக்கிறார். தன்னைப் பற்றி எதுவும் சொல்லாமல் மாணவர்களை மட்டும் அனுபவங்களைச் சொல்லச் சொல்கிற ஆசிரியர் அதிகாரம்தான் செய்கிறார் என்பது அவர் கருத்து. எங்கள் பிள்ளைகள் ஹூக்ஸைப் படித்ததில்லை. ஆனால் சபையில் யார் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கவனிப்பது அவர்களுக்குச் சின்ன வயதிலேயே பழகிப்போன விஷயம்.

என் ஊரிலும் கண்மாய் உண்டு. தலைமடைக்கு அடுத்த வயல் எங்களுடையது. முதல் தண்ணீர் எங்களுக்கு. அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“அப்பா, தாத்தா காலத்துல நம்ம மடைய யாரு பாத்தது?”

“நீர்ப்பாய்ச்சிதான். ஏன்டா?”

“அவரு பேரு என்ன?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “பேரு... நாங்க பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லடா. அதெல்லாம் எதுக்கு இப்ப? உனக்கு வேலைய நிரந்தரம் பண்றானா, அதச் சொல்லு.”

மறுநாள் அதை அப்படியே எழுதி வகுப்பில் வாசித்தேன். எங்கள் நெல்லுக்கு எத்தனையோ வருஷம் தண்ணீர் பாய்ச்சியவரின் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கூப்பிட்ட விதம் மட்டும் தெரிகிறது. வாசித்து முடித்ததும் யாரும் எதுவும் சொல்லவில்லை. கடைசிப் பெஞ்சுப் பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் அவன் எனக்கு ஒரு பதில் தயாரிக்க வேண்டியிருந்திருக்கும். நடையில் வந்த ஒரு சீனியர் சார் மட்டும், “யூனிட் நாலு முடிச்சிட்டீங்களா? இதெல்லாம் எதுக்கு சார், நமக்கு வேல முக்கியம்” என்று மெதுவாகச் சொன்னார். அவர் நல்லவர். பயமுறுத்தவில்லை, பயந்து சொன்னார்.

யூனிட் நாலையும் ஐந்தையும் சனிக்கிழமைகளில் முடித்தோம். செமஸ்டர் தேர்வில் குடிமராமத்து வந்தது. முதலில் நோட்ஸை வாசித்த பெண்ணிடம் என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

“அஞ்சு பாயிண்ட் நோட்ஸ்ல இருந்து சார். ஆறாவதா 1858 சட்டத்தையும் எழுதினேன். அதுக்கு மார்க் கிடைக்காதுன்னு தெரியும். எழுதாம வர மனசு வரல.”

விமர்சனக் கல்வி என்று பெரிய பெயரெல்லாம் வைத்து நாம் கேட்பது அந்த ஆறாவது பாயிண்டைத்தான் என்று நினைக்கிறேன். முதல் ஐந்தையும் எழுதிப் பாஸாகிற உரிமையை அவளிடமிருந்து பறிக்காமல், ஆறாவதுக்கு இடம் உண்டாக்க வேண்டும். ஃப்ரேய்ரேயைப் படித்துவிட்டு முதல் ஐந்தைக் கேலி செய்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஐந்தோடு நிறுத்திக்கொள் என்கிறவர்களையும்.

அந்த வருஷம் ஏழு கண்மாய்ப் பக்கங்கள் விக்கிக்குப் போயின. இரண்டை நீக்கினார்கள், ஆதாரம் போதாது என்று. ஐந்து இருக்கின்றன. யாரோ முகம் தெரியாதவர்கள் வந்து ஒற்றுப்பிழைகளைத் திருத்தியிருக்கிறார்கள், ஒருவர் படம் சேர்த்திருக்கிறார். தங்கள் வரி ஒன்றை ஊர் பேர் தெரியாதவர் மெனக்கெட்டுத் திருத்தியதைப் பார்த்து அவர்கள் அடைந்த பெருமிதத்தை எந்த மார்க்கிலும் நான் பார்த்ததில்லை.

கடைசிப் பெஞ்சுப் பையன் இப்போது பி.எட். படிக்கிறான். போன மாதம் கூப்பிட்டான். அலமாரியில் இருக்கும் அவனுடைய ஆறு வரிகளைப் புதுப் பிள்ளைகள் படித்துவிட்டு, இது வெளியே வர வேண்டியது என்று பேசிக்கொள்வதைச் சொன்னேன். சந்தோஷப்பட்டான். பிறகு, “இப்ப வேணாம் சார். தங்கச்சி கல்யாணம் முடியட்டும். பெறகு நானே போடுறேன், என் பேர்லயே” என்றான்.

சரிப்பா என்றேன். இந்த வருஷத்துப் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன், கல்யாணம் முடியட்டும் என்று.